உன் அம்மா நோயாளியாக நடித்த கதை

ஆரணி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் லாவண்யாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தி தேவிப்ரியாவும் அந்தக் குளிரில் சளி, இருமல் எதுவும் அண்டாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று படவேட்டு அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். தினமும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வீடியோவில் நான் எங்கே பேசுகிறேன். போனை உன் அம்மா பிடித்துக்கொண்டால் அவ்வளவுதான், நீங்கள் இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசிச் சிரித்து முடித்து, சார்ஜ் தீரப்போகிற நேரத்தில் என் பக்கம் திருப்புவாள், அப்பா சாப்டீங்களா என்பாய், சாப்பிட்டேன் என்பேன், அதோடு முடிந்தது. அதுவும் போக, இப்போது எழுதப்போகிற விஷயத்தை உன்னிடம் பேசவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். எழுதக் கூடாது என்று வாங்கவில்லை. எதிர்வீட்டுக் கமலக்கண்ணன் கனடாவுக்குத் திரும்புகிறான், வடகத்தோடு இதையும் வைத்துக் கொடுத்து அனுப்புகிறேன். முதலில் இதைப் படித்துக்கொள். உன் அம்மாவுக்கு நெஞ்சில் ஒரு கோளாறு வந்தது, வைத்தியம் பார்த்தாகிவிட்டது, இப்போது வீட்டில் நடமாடுகிறாள், இதை எழுதும் நேரத்தில் சமையல்கட்டில் யாரோடோ சிரித்துக்கொண்டிருக்கிறாள். அதனால் பதறாமல் உட்கார்ந்து படி. என் ஆற்றாமை அந்த நோயைப் பற்றியது இல்லை. அவள் அதை யாரிடம் முதலில் சொன்னாள் என்பதைப் பற்றியது.

நம் மாடியில் பிள்ளைகள் தங்கியிருப்பது உனக்குத் தெரியும். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று உன் அம்மா ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டாள், அவளுக்கு அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்பதுதான் முக்கியம். சந்தவாசலுக்கு அந்தப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு ஊர், காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ், நடுவில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் பைக்கில் நடுவே உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டுதான் வர வேண்டும். கூலி வேலைக்குப் போகிற ஜனங்கள், டாக்டர் யாரும் அங்கே தங்குவதில்லை. ஒரு கல்லூரிக்காரர்கள் அந்த ஊரை எடுத்துக்கொண்டு, டாக்டருக்குப் படிக்கிற வெற்றிச்செல்வன், நர்ஸுக்குப் படிக்கிற இனியா, பிசியோதெரபி படிக்கிற தென்னரசு, மருந்துக்குப் படிக்கிற எழிலரசன் என்று தினுசுக்கு ஒருத்தராகப் பொறுக்கி ஒரே குழுவாக அனுப்பியிருக்கிறார்கள். தனித்தனியாகப் படித்தால் ஒருத்தனுக்கு நோயாளி என்றால் நெஞ்சு, இன்னொருத்தனுக்கு முட்டி, இன்னொருத்தனுக்கு மாத்திரை அட்டை என்று ஆகிவிடுகிறதாம், சேர்ந்து படித்தால்தான் முழு ஆள் கண்ணுக்குத் தெரிவாராம். இவர்களை நடத்துகிற டாக்டர் உண்ணாமலை பெரணமல்லூர்க்காரம்மா, நல்ல மனுஷி, அவர்தான் எனக்கு இப்படி விளக்கினார். தங்க இடம் கேட்டு வந்தவர்களுக்கு மாடியைக் கொடுத்தது நான்தான். அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வந்த வாரமே வீடு அவர்கள் வசமாகிவிட்டது. முதல் டிகாஷன் மாடிக்குப் போகும், எனக்கு இரண்டாவது. இனியாவுக்குக் கத்தரிக்காய் ஆகாது என்று நம் வீட்டில் கத்தரிக்காயே நின்றுபோனது, எனக்கு அது உயிர் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தரமாவது நினைத்தாளா. கேட்டால், புள்ளைங்க பாவங்க, வெயில்ல அலைஞ்சிகினு வருதுங்க, நீங்க நெழல்ல தானே குந்திகினு இருக்கீங்க என்றாள். தறியில் உட்கார்ந்திருப்பது இவளுக்கு நிழலில் குந்துவதாம். சரி, பிள்ளைகள்தானே என்று பொறுத்தேன். அப்புறம்தான் இந்த நடிப்பு வந்து சேர்ந்தது.

விஷயம் என்னவென்றால், அந்த ஊரில் யாரும் இவர்களிடம் வாய் திறக்கவில்லை. ராஜம்மாள் என்று ஒரு பெண்பிள்ளை, முகம் வெளுத்துக் கிடக்கிறாள், நாலு பேரும் தனித்தனியாகப் போய்க் கேட்டிருக்கிறார்கள், நாலு பேரிடமும் ஒண்ணும் இல்ல கண்ணு, வாயுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். டாக்டரம்மா யோசித்துவிட்டு, கேட்கிற விதத்தை முதலில் வீட்டில் பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, வாரம் ஒரு நாள் நம் கூடத்தில் ஒரு ஆளை நோயாளி மாதிரி நடிக்க வைத்து இவர்களை விசாரிக்க விடுவது என்று ஏற்பாடு செய்தார். நடிக்க யாரைக் கேட்டார் என்று நினைக்கிறாய். சமையல்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இன்றைக்கு நீங்கள் இன்னார், உங்களுக்கு இந்த நோய், இதை மறைக்க வேண்டும் என்று அவர் காதோடு சொல்லிக் கொடுப்பார், உன் அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து பாயில் உட்காருவாள். ஒரு வாரம் சர்க்கரையை மறைக்கிறவள். ஒரு வாரம் மருமகளைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டேன் என்கிற மாமியார், அதில் உன் பெரியத்தையை அப்படியே உரித்து வைத்திருந்தாள், எனக்கே ஒரு நிமிஷம் பயமாகிவிட்டது. முடிந்ததும் யார் கேட்ட கேள்வியில் உங்களுக்குப் பேசத் தோன்றியது, யார் கேட்டதில் வாய் மூடிக்கொண்டது என்று டாக்டரம்மா இவளிடம் கேட்பார். இவளும் நீதிபதி மாதிரி, வெற்றிச்செல்வா, நீ கடியாரத்த பாத்துகினே கேட்டியே, அப்பவே எனக்கு வாய் அடைச்சிகிச்சி என்று சொல்லுவாள். அந்தப் பையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வான், மற்றவர்கள் கை தட்டுவார்கள். அன்றைக்கெல்லாம் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். நான் நெய்து கொடுத்த எந்தச் சேலைக்கும் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. எனக்கு வயிறு எரிந்தது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

நானும் நடிக்கிறேன் என்று கேட்டேன். சிரிக்காதே. டாக்டரம்மா சந்தோஷமாக ஒப்புக்கொண்டு, காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டுவிட்டுக் குடிக்கப் போகிற ஆள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். பாயில் உட்கார்ந்ததும் வெற்றிச்செல்வன், ஐயா குடிக்கிற பழக்கம் உண்டுங்களா என்று கேட்டான். எங்க வம்சத்துலயே கெடையாது, தெருவுல யாரை வேணா கேளு என்று சொல்லிவிட்டேன். பின்னே, நாளைக்கு இந்தப் பையன் வெளியே போய் மாடி வீட்டுக்காரர் குடிப்பாராம் என்று சொன்னால் எந்தக் கடைக்காரன் என்னிடம் சேலை எடுப்பான். இது நடிப்புங்க ஐயா என்று டாக்டரம்மா ஞாபகப்படுத்தினார். சரி என்று மறுபடி உட்கார்ந்தேன். எழிலரசன் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டான். நேரம் தவறாமல் என்று சொன்னேன். அதற்கு மேல் கேட்க அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை. கதவுக்குப் பின்னால் உன் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு என்னை யாரும் கூப்பிடவில்லை, நானும் தறியை விட்டு இறங்கவில்லை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். அன்றைக்கு ராஜம்மாளை மனதில் வைத்துத்தான் டாக்டரம்மா வேஷம் கொடுத்திருக்கிறார். வாயு என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதை நீங்களே இட்டுக்கட்டிக்கொள்ளுங்கள், சரியாகக் கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்று. நான் தறியில் இருந்தேன், கை தறியில் நாடாவை இப்படியும் அப்படியும் ஓட்டினாலும் காது கூடத்தில்தான் இருந்தது, கரையில் இழை தப்பி அப்புறம் பிரித்தது தனிக் கதை. ஒவ்வொருத்தராகக் கேட்டார்கள், அவள் வாயு, வாயு என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் இனியா, வூட்டு வேலையில எந்த வேலைய இப்ப வுட்டுட்டீங்கம்மா என்று கேட்டாள். நல்ல கேள்வி, நானும் ஒத்துக்கொள்கிறேன். உன் அம்மா வளையலைத் தள்ளிவிட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. அப்புறம் சொன்னாள், வுட்டுடல கண்ணு, ஆனா மாடிக்குத் துணி காயவெக்க போறப்போ பாதிப் படியில மாரு கனத்துகினு மேல கால் எழும்பாது, நின்னுடுவேன், நின்னா இவரு கேப்பாரேன்னு, ஏங்க, அடுப்ப அணைச்சேனான்னு பாருங்கன்னு கீழ பாத்து கொரல் குடுப்பேன், அவரு முணுமுணுத்துகினே தறியை வுட்டு எழுந்து போயி பாத்துட்டு வர்றதுக்குள்ள எனக்கு மூச்சு திரும்பிடும்.

லாவண்யா, எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஏன் தெரியுமா. அது என் வீட்டுக் கதை. தினம் அவள் அப்படிக் கேட்பதும், நான் என்றைக்கும் தொடாத அடுப்பைப் போய்ப் பார்த்து, அணைந்துதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்து உட்காருவதும் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது. அதை எடுத்துப் பிள்ளைகள் முன்னால் போட்டு என்னைக் கிண்டல் செய்து கைதட்டல் வாங்கப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். தறியில் இருந்தபடியே சத்தம் போட்டேன். அந்த ஊர்ப் பொம்பளையா நடிக்கச் சொன்னா நம்ம வூட்டு மாடிப்படிய ஏன் இழுக்கற, அந்த ஊர்ல ஏது மாடி, எல்லாம் குடிசையும் தொகுப்பு வீடும் தானே, நடிக்கறதுன்னா கொஞ்சமாவது பொருத்தமா நடி என்றேன். எனக்குத் தப்பைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. எட்டிப் பார்த்தால் இனியா உன் அம்மாவின் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், கொலுசு பதிந்து சதை வீங்கியிருக்கிறது. மெதுவாகக் கேட்டாள், அம்மா, இது நடிப்பா. உன் அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் உனக்கும் ஆத்திரம் வரும். எழிலரசன் சொல்கிறான், வாயு மாத்திரை அட்டைகள் காலியாகிக் குப்பையில் கிடப்பதை அவன் வாராவாரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தானாம். தென்னரசு மாடியிலிருந்து தினம் இந்த அடுப்புக் கேள்வியைக் கேட்டிருக்கிறான், அம்மாவுக்கு மறதி என்று நினைத்தானாம். ராட்டையில் என் தறிக்கு நூலைத் தாராகச் சுற்றும்போது அவள் இடது கையை உதறிக்கொள்வதை வெற்றிச்செல்வன் பார்த்திருக்கிறான், வேலை அலுப்பு என்று விட்டுவிட்டான். ஆளுக்கு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே மாடியில் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள், ஒருத்தன் மற்றவனிடம் சொல்லவில்லை. டாக்டரம்மா அவர்களைத் திட்டவில்லை, ஆனால் நான்கு பேரும் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார்கள். நான் மட்டும் என்ன, அந்த மாத்திரையை வாங்கிவந்தது நான், அடுப்பைப் போய்ப் பார்த்தது நான், அந்தக் கையில் தைலம் தேய்த்துவிட்டதும் நான். ஆரணி பெரிய ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்ததும் உடனே வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் கண்ணமங்கலம் தாண்டுகிற வரைக்கும் அவள் முந்தானையைப் பிடித்த பிடியை நான் விடவில்லை. ரத்தக் குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்று அங்கே இருந்த டாக்டர் ஆரம்பித்தார், நான் மீதியைக் கேட்காமல் வெளியே வந்துவிட்டேன். கண் விழித்ததும் அவள் கேட்டது, புள்ளைங்க சாப்டாங்களா என்று. நான் கட்டில் பக்கத்தில் நிற்கிறேன்.

போன் கேமரா கெட்டுவிட்டது என்று அவள் உன்னிடம் வெறும் குரலில் பேசினாளே, அதெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள்தான். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், என்கிட்ட ஏன் சொல்லல என்று. அவள் மறைக்கவில்லை. உங்ககிட்ட சொன்னா தறியை வுட்டு எறங்கி ஊர் பூரா பேஜார் பண்ணுவீங்க, தறியில கெடக்கற அந்தக் கல்யாண முகூர்த்தச் சேலை பாதியில நின்னுடும், ஒரு மாசம் போகட்டும்னு இருந்தேன், அன்னிக்கு வேற ஒரு பொம்பளைக்கு ஆகறதா சொல்லப் போனேனா, வாய் தன்னால வந்துடுச்சிங்க என்றாள். வேறு ஒரு பெண்பிள்ளையாக மாறி நாலு பிள்ளைகளிடம் சொல்ல முடிகிறது, என் பெண்டாட்டியாக இருந்து என்னிடம் சொல்ல முடியவில்லை. அதோடு விட்டாளா. லாவண்யாகிட்ட கூட வாயுன்னு சொன்னேன், ஓமம் போட்டுக் குடிக்கச் சொல்லிச்சி, அதுல கேக்காம போயிதான் உங்கள மாத்திரை வாங்கியாரச் சொன்னேன் என்றாள். ஆக வாயு என்கிற பொய் கூட உனக்குத்தான் முதலில் வந்திருக்கிறது, எனக்கு இரண்டாவது டிகாஷன். உன் மேல் கோபம் இல்லை அம்மா. கொஞ்சம் இருக்கிறது, நாளைக்குப் போய்விடும்.

இவள் படுத்திருந்த நாட்களில் பிள்ளைகள் மறுபடி அந்த ஊருக்குப் போய் ராஜம்மாளைப் பார்த்திருக்கிறார்கள். இந்தத் தடவை நாலு பேரும் சேர்ந்து போய், வாயுவைப் பற்றியும் வயிற்றைப் பற்றியும் கேட்காமல், தண்ணி எடுத்துகினு வர்றப்போ கொடத்த எங்க எறக்கி வெக்கிறீங்க என்று இனியா கேட்டாளாம். அந்த அம்மா எழுந்து அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறாள், புளியமரத்தடியில் ஒரு தடவை, கோயில் மேடையில் ஒரு தடவை, தன் வீட்டு வாசலுக்கு நாலடி முன்னால் ஒரு தடவை. உடம்பில் ரத்தமே இல்லையாம், இப்போது வைத்தியம் நடக்கிறது. இதை அவர்கள் மூச்சுவிடாமல் உன் அம்மாவிடம் வந்து சொன்னார்கள், அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கேட்டாள். நான் கஞ்சியோடு வாசற்படியில் நின்றேன். நல்ல பிள்ளைகள்தான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. இந்த மாதக் கடைசியில் போகிறார்கள், அடுத்த குழு வரப்போகிறது, அபிதகுசாம்பாள் அம்மா மறுபடி நடிப்பாரா என்று டாக்டரம்மா இப்போதே கேட்டுவிட்டார், இவளும் தலையை ஆட்டிவிட்டாள். எனக்கும் ஒரு வேஷம் வேண்டும் என்று நின்றுபார்த்தேன். டாக்டரம்மா யோசித்துவிட்டு, நீங்கள் நோயாளியின் புருஷனாக நடியுங்கள், வசனம் கிடையாது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும் என்றார். உன் அம்மா உடனே, அதான் இவருக்குக் கஷ்டமான வேஷம் என்றாள். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் வீடே அதிர்ந்தது.

இனி இன்று காலையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மெதுவாகப் படி ஏறலாம் என்று சொல்லியிருப்பதால் வடகம் காய்ந்ததா என்று பார்க்க அவள் மாடிக்குக் கிளம்பினாள். நான் தறியில் இருந்தேன். பிள்ளைகள் நாலு பேரும் மேலேதான் இருந்தார்கள், கதவு திறந்திருந்தது, அவள் குரல் கொடுத்தால் ஓடி வருகிற தூரம். பாதிப் படியில் கால் சத்தம் நின்றது. ஏங்க என்றாள். நான் பழக்கத்தில் எழுந்து அடுப்படிக்கே போய்விட்டேன், அடுப்பில் கைகூட வைத்துவிட்டேன். அப்புறம்தான் அவள் சொன்னது காதில் ஏறியது. ஏங்க, மூச்சு வாங்குது, வந்து பக்கத்துல குந்துங்க. லாவண்யா, மேலே பார்த்துக் கூப்பிடவில்லை அவள், கீழே பார்த்துத்தான் கூப்பிட்டாள். ஓடிப் போய்ப் படியிலேயே உட்கார வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். நான் குரல் கொடுத்த பிறகுதான் இனியா இறங்கி வந்து பிரஷர் பார்த்து, வேலூருக்குப் போன் போட்டுக் கேட்டு, பயமில்லை, இன்னும் சில நாள் படி வேண்டாம் என்றாள். பெண்டாட்டிக்கு மூச்சு வாங்குகிறது என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட புருஷன் இந்த ஆரணியிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீ நூறு வயசு நன்றாக இரு. மாப்பிள்ளைக்கு என் அன்பு, பேத்திக்கு என் முத்தம். உனக்கு ஏதாவது நோவு என்றால் சிநேகிதிகளுக்கெல்லாம் சொல்வதற்கு முன்னால் மாப்பிள்ளையிடம் சொல், அவரும் வயிறு எரிகிற ஜாதிதான். இதில் எழுதியது எதையும் தெரிந்ததாக உன் அம்மாவிடம் காட்டிக்கொள்ளாதே. அவளாகச் சொன்னால் அப்போதுதான் கேட்கிற மாதிரி கேட்டுக்கொள், கேட்டுவிட்டு, முதலில் யாரிடம் சொன்னீர்கள் என்று ஒரு வார்த்தை கேள். என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது.

இப்படிக்கு,
படியில் பக்கத்தில் உட்காரக் கூப்பிடப்பட்ட உன் அப்பா,
பச்சையப்பன்.